சின்னக் கடன்: கட்டிவிடுவதா, கேள்வி கேட்பதா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்றபடி சிறு திருத்தங்கள் செய்யப்பட்டுள்ளன.)



இன்னிக்குப் பேசப்போறது ரொம்பச் சின்னத் தொகைகளைப் பத்தி. ஐந்நூறு, ஆயிரம், மிஞ்சிப்போனா பத்தாயிரம். ஆனா இந்த மாதிரி ஒரு தொகையை உங்க பேர்ல எழுதி, "நீங்க கட்டணும்"னு ஒருத்தர் போன் பண்ணும்போது, நமக்கு வர்ற கோபம் இருக்கே, அது தொகைக்குச் சம்பந்தமே இல்லாத அளவு பெருசா இருக்கும். "நான் வாங்கவே இல்லையே, நான் எதுக்குக் கட்டணும்?" இதுதான் முதல்ல வாயில வரும். அடுத்த நாள் காலையில வேற மாதிரி தோணும். "போகட்டும், ரெண்டாயிரம்தானே, கட்டித் தொலைச்சா நிம்மதி."

இந்த ரெண்டு எண்ணத்துக்கும் நடுவுல மாசக்கணக்கா ஊசலாடிக்கிட்டு, கடைசியில எதையுமே செய்யாம விட்டவங்கதான் நம்மில் அதிகம். நானும் அப்படி இருந்தவன்தான். அந்தக் கதையையே முதல்ல சொல்லிடறேன்.

6,340 ரூபாய்

2021ல ஒரு மால்ல, வாசல்ல மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன் ஒருத்தர் எனக்கு ஒரு கிரெடிட் கார்டு எடுத்துக் கொடுத்தார். "லைஃப் டைம் ஃப்ரீ சார்"னு சொன்னார். பேங்க் பேர் வேண்டாம். ரெண்டு தடவை பயன்படுத்தினேன், முழுசா கட்டிட்டேன். 2022 ஆகஸ்ட்ல, எதுக்கு இன்னொரு கார்டுன்னு கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணி மூடச் சொன்னேன். "சரி சார், ரிக்வெஸ்ட் எடுத்துக்கிட்டோம்"னாங்க. கார்டை நாலா வெட்டிக் குப்பையில போட்டேன். என்னைப் பொறுத்தவரை கதை முடிஞ்சது.

அது முடியலை. செப்டம்பர்ல ஆண்டுக் கட்டணம்னு 500 ரூபாய், அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாய், மொத்தம் 590 ரூபாய்க்கு பில் போட்டிருக்காங்க. பில் போன விலாசம் நான் முன்னாடி குடியிருந்த வாடகை வீடு. மெயில், விளம்பர மெயில்களோட சேர்ந்து எங்கேயோ கிடந்தது. அடுத்த மாசம் லேட் ஃபீஸ், அதுக்கு ஜிஎஸ்டி, வட்டி. அதுக்கு அடுத்த மாசம் மறுபடியும். நடுவுல ரெண்டு மூணு தடவை தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்தது. லோன் விக்கிறவங்கன்னு நினைச்சுக் கட் பண்ணிட்டேன். அது என் தப்பு. அதை ஒத்துக்கணும்.

2023 மே மாசம். திருச்சியில ஒரு பழைய வீட்டுக்கு 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டிருந்தோம். கிரயத்துக்கு இன்னும் 40 நாள்தான் பாக்கி. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிச்ச இடத்துல இருந்து அதிகாரி கூப்பிட்டார். "சார், உங்க பேர்ல ஒரு கார்டு ஓவர்டியூ காட்டுது. 6,340 ரூபாய். இது இருக்கிற வரைக்கும் ஃபைல் மேல போகாது."

நான் அந்தக் கார்டுல பாக்கி வெச்ச செலவு பூஜ்ஜியம். ஆனா கணக்கு 6,340.

அன்னைக்கு ராத்திரி வீட்ல ஒரு மாநாடே நடந்தது. என் மாமனார், "கட்டித் தொலைங்க மாப்பிள்ளை. ஆறாயிரத்துக்கு வீட்டை விடப் போறீங்களா?"ன்னார். என் மனைவி, "ஒத்த ரூபா கட்டக்கூடாது. கட்டினா நாம தப்புன்னு ஆயிடும்"னா. ரெண்டு பேர் சொன்னதுலயும் நியாயம் இருந்தது. எனக்குத் தூக்கம் வரலை.

போன்ல வந்த 'சலுகை'

மறுநாள் நானே அந்தப் பேங்குக்குப் போன் பண்ணினேன். வசூல் பிரிவுக்கு மாத்தினாங்க. அந்தப் பக்கம் பேசினவர் ரொம்ப அன்பா, "சார், உங்களுக்காக ஸ்பெஷலா பேசி வாங்கித் தர்றேன். 3,000 கட்டுங்க, செட்டில் பண்ணி முடிச்சிடலாம். இன்னிக்கு மட்டும்தான் இந்த ஆஃபர்"னார்.

பாதிக்குப் பாதி! நான் ஃபோன்லயே பணம் அனுப்பத் தயாராயிட்டேன். அந்த நேரம் பார்த்து, பேங்க்ல வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்க பெரியப்பாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டேன். அவர் சொன்னது இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு.

"டேய், அவன் 'செட்டில்' பண்றேன்னு சொன்னானா, 'க்ளோஸ்' பண்றேன்னு சொன்னானா?"

"ரெண்டும் ஒண்ணுதானே பெரியப்பா?"

"ஒண்ணா? அதுல ஏமாந்தவங்க எத்தனை பேர் தெரியுமா? போனை வைடா முதல்ல."

இதைக் கொஞ்சம் விளக்கிடறேன். நம்ம கடன் வரலாற்றைப் பதிவு பண்ற நிறுவனங்கள் இந்தியாவில் நாலு இருக்கு. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். நாம எல்லாத்தையும் பொதுவா சிபில்னு சொல்லிடறோம். பாக்கியை முழுசா கட்டினா அந்தக் கணக்கு 'க்ளோஸ்டு'ன்னு பதிவாகும். குறைச்சுப் பேசிக் கட்டினா 'செட்டில்டு'ன்னு பதிவாகும். தமிழ்ல ரெண்டையும் 'முடிஞ்சது'ன்னுதான் சொல்வோம். ஆனா நாளைக்கு உங்களுக்குக் கடன் கொடுக்கப் போறவர் 'செட்டில்டு'ங்கிறதை, 'இவர் முழுசா கட்டலை, கொடுத்தவருக்கு நஷ்டம்'னுதான் படிப்பார். அந்தப் பதிவு வருஷக்கணக்கா நிக்கும். 3,340 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், நானே என் பேர்ல ஒரு கறையை எழுதி வாங்கியிருப்பேன்.

இதோட விலை என்னன்னு பார்ப்போம். நிறைய பேங்குகள் இப்போ வீட்டுக் கடன் வட்டியை உங்க ஸ்கோரை வெச்சுத்தான் முடிவு பண்றாங்க. ஸ்கோர் குறைஞ்சதால வட்டி வெறும் அரை சதவீதம் கூடுதுன்னு வைங்க. 25 லட்சம் கடன், 20 வருஷம். எட்டே முக்கால் சதவீதத்துல மாசத் தவணை சுமார் 22,090 ரூபாய். ஒன்பதே கால்ல சுமார் 22,900. மாசம் 800 ரூபாய் வித்தியாசம். 20 வருஷத்துக்கு 1,90,000 ரூபாய்க்கு மேல. அதனாலதான் சொல்றேன், சின்னக் கடன்ல பார்க்க வேண்டியது கடன் தொகையை மட்டும் இல்லை. அது எதைத் தடுத்து நிக்குதுங்கிறதைப் பார்க்கணும்.

கட்டுறது வேற, ஒத்துக்கிறது வேற

பெரியப்பாகிட்ட நான் கேட்டேன். "அப்போ நான் என்னதான் செய்யறது? சண்டை போட்டா 40 நாள் போயிடும். கட்டினா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அவர் சிரிச்சார். "யாருடா சொன்னா? கட்டுறது வேற, ஒத்துக்கிறது வேற. எழுதிட்டுக் கட்டு."

இந்த எபிசோட்ல நீங்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கிட்டுப் போகணும்னா, அது இதுதான். நாம 'கட்டலாமா, சண்டை போடலாமா'ன்னு ரெண்டையும் எதிரெதிரா வெச்சுக்கிட்டு யோசிக்கிறோம். பெரும்பாலான நேரம் ரெண்டையும் செய்ய முடியும். எதை முதல்ல, எந்த வார்த்தையில செய்யறோம்ங்கிறதுதான் கேள்வி.

நம்ம நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1872ல வந்தது. அதோட 72ஆவது பிரிவு, தவறுதலாகவோ கட்டாயத்தின் பேரிலோ ஒருவருக்குப் பணம் கொடுக்கப்பட்டிருந்தால், வாங்கியவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அதாவது, பணம் கை மாறிட்டதாலேயே உங்க கேள்வி செத்துப்போயிடாது. ஆனா கேள்வி இருந்ததுன்னு காட்ட ஒரு காகிதம் வேணும்.

நான் ஒரு மெயில் எழுதினேன். சுருக்கமா, நாலே வரி. 'இந்தக் கார்டை மூடச் சொல்லி 2022 ஆகஸ்ட்லயே கேட்டிருந்தேன். அதற்குப் பிறகு போடப்பட்ட கட்டணங்களை நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் வீட்டுக் கடன் தடைபடுவதால் மட்டும், எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டு, முழுத் தொகையையும் செலுத்துகிறேன். கணக்கை முழுமையாக மூடி, பாக்கி இல்லை என்ற கடிதம் தரவும். திரும்பப் பெறும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.' இதை அனுப்பிட்டு, கார்டு கணக்கு எண்ணுக்கே நேரா 6,340 கட்டினேன். ஏஜென்ட் அனுப்பின லிங்க்ல கட்டலை. அவர் சொன்ன யுபிஐ நம்பருக்கும் அனுப்பலை. இது முக்கியம்.

நாலு நாள்ல என்ஓசி வந்தது. அதையும் ரசீதையும் வீட்டுக் கடன் அதிகாரிகிட்ட கொடுத்தேன். சிபில்ல மாறுறதுக்குள்ளேயே, அந்தக் கடிதத்தை வெச்சு ஃபைலை மேல அனுப்பினார். கிரயம் குறிச்ச தேதியில முடிஞ்சது.

அப்புறம்தான் சண்டை

வீடு கைக்கு வந்த பிறகு, நிதானமா உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பிச்சேன். அவசரம் இல்லாம சண்டை போடறதுல ஒரு தனி சுகம் இருக்கு.

முதல்ல ஆதாரம் தேடினேன். பழைய போன் பீரோவுல கிடந்தது. சார்ஜ் போட்டு எடுத்துப் பார்த்தா, 2022 ஆகஸ்ட்ல கஸ்டமர் கேர்ல பேசி முடிச்சதும் வந்த எஸ்எம்எஸ் அதுலயே இருந்தது. கோரிக்கை எண்ணோட. அந்த ஒரு வரி எஸ்எம்எஸ்தான் என் வழக்கே.

ஏன்னா ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல்ல கொடுத்த கிரெடிட் கார்டு நெறிமுறைகள் அந்த வருஷம் ஜூலையில இருந்தே நடைமுறைக்கு வந்துடுச்சு. பாக்கி எதுவும் இல்லாத கார்டை மூடச் சொன்னா, ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும். மூடலைன்னா, தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்கணும். போன்ல கேட்டாலே போதும், 'தபால்ல கடிதம் அனுப்புங்க'ன்னு கட்டாயப்படுத்தக் கூடாது. இன்னொரு விதியும் இருக்கு. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோட சேர்த்து, அதுக்கும் வட்டி போடக் கூடாது. என் பில்லை எடுத்துப் பார்த்தா, அதையும் செஞ்சிருந்தாங்க.

அதே நெறிமுறையில இன்னொரு வரி, எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். வாடிக்கையாளர் ஒரு தொகையைப் பத்தித் தகராறு எழுப்பி, அது நிலுவையில இருந்தா, அது தீர்ந்த பிறகுதான் 'இவர் கட்டலை'ங்கிற தகவலைக் கடன் பதிவு நிறுவனத்துக்கு அனுப்பணும். ஆனா இந்தப் பாதுகாப்பு யாருக்கு? எழுத்துல தகராறு எழுப்பினவங்களுக்கு. என்னை மாதிரி போனைக் கட் பண்ணிட்டுச் சும்மா இருந்தவங்களுக்கு இல்லை.

பேங்கோட குறைதீர் பிரிவுக்கு எழுதினேன். 30 நாள் பதில் இல்லை. அப்புறம் ரிசர்வ் வங்கியோட ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர்கிட்ட ஆன்லைன்ல புகார் கொடுத்தேன். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். முதல்ல பேங்குக்கு எழுதியிருக்கணும்ங்கிறதுதான் நிபந்தனை. எப்படிப் புகார் கொடுக்கறதுன்னு தெரியலைன்னா 14448க்குப் போன் பண்ணிக் கேட்கலாம்.

அதுக்கப்புறம் பேங்க்ல இருந்து அவங்களே கூப்பிட்டாங்க. குரல் மாறியிருந்தது. 6,340 திரும்ப வந்தது. ஓவர்டியூ பதிவைத் திருத்தினாங்க. தினம் 500 ரூபாய் இழப்பீடு கேட்டேன், அதுக்கு அவங்க ஒத்துக்கலை. நானும் அதோட விட்டுட்டேன். இன்னும் போராடியிருக்கலாம்னு சில பேர் சொல்வாங்க. இருக்கலாம். ஆரம்பிச்சதுல இருந்து நாலு மாசம் ஆயிருந்தது. எனக்கு அது போதும்னு தோணிச்சு.

ஒத்த ரூபாகூடக் கட்டக்கூடாத கடன்

இதைக் கேட்டுட்டு, 'அப்போ எதுவா இருந்தாலும் முதல்ல கட்டிட்டு அப்புறம் கேட்கலாம்'னு நினைச்சிடாதீங்க. என் சித்தப்பா பையன் கதை அதுக்கு நேர் எதிர்.

தம்பி ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறான். பைக் லோனுக்குப் போனப்போ, அவன் பேர்ல 3,800 ரூபாய்க்கு ஒரு ஆப் கடன் பாக்கி காட்டுது. அவன் அந்த ஆப்பைக் கேள்விப்பட்டதுகூடக் கிடையாது. என்கிட்ட கேட்டான். "அண்ணே, நீ கட்டிட்டுத்தானே திரும்ப வாங்கினே. நானும் கட்டிடவா? 2,000 கொடுத்தா முடிச்சுடறேங்கிறான்."

நான் வேண்டாம்னேன். ஏன்? என் விஷயத்துல கணக்கு என்னுடையது. கையெழுத்துப் போட்டது நான். கட்டணம் நியாயமா இல்லையாங்கிறதுதான் தகராறு. அவன் விஷயத்துல கணக்கே அவனுடையது இல்லை. யாரோ அவனோட பான் எண்ணை வெச்சு வாங்கியிருக்காங்க, இல்லைன்னா எங்கேயோ பதிவு தப்பாயிருக்கு. அதுக்குப் பணம் கட்டினா, 'இது என் கடன்தான்'னு அவனே சாட்சி சொன்ன மாதிரி. போதாக்குறைக்கு, ஒரு இடத்துல அவன் பேரைப் பயன்படுத்தியிருந்தா இன்னும் நாலு இடத்துல பயன்படுத்தியிருக்கலாம். ஒண்ணைக் கட்டி மூடிட்டா மத்தது தெரியாமலே போயிடும்.

அவனை நாலு கடன் பதிவு நிறுவனத்துலயும் அறிக்கை எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தரணும், ரிசர்வ் வங்கி உத்தரவு அது. எடுத்துப் பார்த்ததுல, நல்லவேளை, அந்த ஒரு கடன்தான் இருந்தது. அந்த நிறுவனத்துக்கு ஒரே ஒரு கேள்வி எழுதச் சொன்னேன். 'இந்தக் கடன் தொகை எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்குக்குப் போனது? அந்தக் கணக்கு என்னுடையது என்பதற்கு ஆவணம் காட்டவும்.'

இந்தக் கேள்விக்கு ஒரு பலம் இருக்கு. 2022 செப்டம்பர்ல வந்த டிஜிட்டல் கடன் விதிகள்படி, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, கடன் பணம் வாங்கினவரோட வங்கிக் கணக்குக்கே நேரா போகணும். நடுவுல வேற யார் கணக்குக்கும் போகக்கூடாது. ஆகவே அவங்ககிட்ட பதில் இருந்தே ஆகணும். கூடவே சைபர் குற்றப் பிரிவுல, 1930 எண்ணுல சொல்லி, புகார் எண் வாங்கி அதையும் மெயில்ல சேர்த்தான். கடன் பதிவு நிறுவனத்துலயும் தகராறு பதிவு செஞ்சான். ஒரு மாசத்துக்குள்ள அந்தக் கடன் அவன் பேர்ல இருந்து நீங்கிடுச்சு.

கடன் பதிவுல தப்பு இருக்குன்னு புகார் செஞ்சா, 30 நாளுக்குள்ள அது தீரணும். தீரலைன்னா, 2024 ஏப்ரல்ல இருந்து, தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. பதிவு நிறுவனம் தானா எதையும் மாத்தாது. கடன் கொடுத்தவர் சரின்னு சொன்னாத்தான் மாத்தும். அதனால ரெண்டு இடத்துக்கும் எழுதணும். ஒரு இடத்துக்கு மட்டும் எழுதிட்டுக் காத்திருந்தா வீணாப் போகும்.

பழைய கடன், சொந்தக் கடன்

மூணாவது வகை ஒண்ணு இருக்கு. கடன் உங்களுடையதுதான், ஆனா ரொம்பப் பழசு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி விட்ட போஸ்ட்பெய்டு பில் மாதிரி. திடீர்னு இப்போ வக்கீல் பேர்ல நோட்டீஸ் வரும்.

1963ஆம் வருஷத்து காலவரையறைச் சட்டப்படி, இந்த மாதிரிக் கடனுக்கு வழக்குப் போட மூணு வருஷம்தான் கெடு. ஆனா அந்த மூணு வருஷம் முடியறதுக்குள்ள, 'ஆமா, தரணும், அடுத்த மாசம் தர்றேன்'னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா, அன்னையிலிருந்து புதுசா மூணு வருஷம் ஆரம்பிக்கும். கொஞ்சம் பணம் கட்டி, அதை எழுத்துல ஒத்துக்கிட்டாலும் அப்படித்தான். கெடு முடிஞ்ச பிறகும்கூட, 'கட்டுறேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அது புது ஒப்பந்தமா நிக்கும். 'சும்மா 200 ரூபாய் டோக்கன் கட்டுங்க சார், ஒரு லைன் மெயில் போடுங்க சார்'னு ஏஜென்ட் கெஞ்சறாருன்னா, காரணம் இல்லாம கெஞ்சலைன்னு புரிஞ்சுக்கோங்க.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. கெடு முடிஞ்சா வழக்குப் போட முடியாது, அவ்வளவுதான். கடன் இல்லாமப் போயிடாது. கடன் அறிக்கையில இருக்கிற பதிவும் அதனால மறைஞ்சிடாது. உங்களுக்கு லோன் தேவை இருந்தா, அந்த மூணு வருஷக் கணக்கு உங்களுக்குப் பெருசா உதவாது.

இங்க ஒரு கசப்பான விஷயம் சொல்லணும். 'அநியாயம்'னு நமக்குத் தோணுறதும், 'நம்ம கடன் இல்லை'ங்கிறதும் ஒண்ணு இல்லை. பில்லை மறந்து விட்டிருப்போம். லேட் ஃபீஸ் அதிகமா இருக்கும், கோபம் வரும். ஆனா அசல் நாம பயன்படுத்தினதுதானே? அப்படியிருந்தா, சண்டைக்குப் போற முன்னாடி ஒரு தடவை கேட்டுப் பாருங்க. 'நான் பயன்படுத்தினதை முழுசா கட்டிடறேன், லேட் ஃபீஸை மட்டும் ரத்து பண்ணிக் கொடுங்க. கணக்கை க்ளோஸ்டுன்னு பதிவு பண்ணுவீங்கன்னு எழுத்துல கொடுங்க.' நிறைய இடத்துல ஒத்துக்குவாங்க. அவங்களுக்கும் ஃபைல் முடிஞ்சா நிம்மதிதான்.

மிரட்டல் வந்தா

சின்னக் கடன்ல ஜனங்க அவசரப்பட்டுக் கட்டறதுக்கு முக்கியக் காரணம் பயம். 'அரெஸ்ட் வாரண்ட்'னு எஸ்எம்எஸ் வரும். 'மக்கள் நீதிமன்றத்துல ஆஜராகணும், இல்லைன்னா போலீஸ் வரும்'னு போன் வரும். கடன் பாக்கிங்கிறது சிவில் விவகாரம். செக் திரும்பினதோ, மோசடிக் குற்றச்சாட்டோ இருந்தா அது வேற. வெறும் கார்டு பாக்கிக்காக யாரும் உங்களைக் கைது பண்ண முடியாது. மக்கள் நீதிமன்றம் சமரசத்துக்கான இடம். நீங்க ஒத்துக்காம அங்க எதுவும் முடிவாகாது. நிஜமான நோட்டீஸா இருந்தா போய் உங்க பக்கத்தைச் சொல்லுங்க, நல்லதுதான். ஆனா அங்க ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. படிச்சுப் பார்க்காம போடாதீங்க.

வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடக் கூடாது. உங்க சொந்தக்காரங்களுக்கோ, ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவங்களுக்கோ போன் பண்ணி அவமானப்படுத்தக் கூடாது. அப்படிச் செஞ்சா அது தனிப் புகார். நேரம், நம்பர், பேசினது எல்லாம் குறிச்சு வெச்சுக்கோங்க.

உட்கார்ந்து யோசிக்க

அப்போ, இப்படி ஒரு போன் வந்தா என்ன செய்யறது? முதல் வேலை, போன்ல எதுவும் முடிவு பண்ணாதீங்க. 'விவரத்தை எழுத்துல அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்'னு மட்டும் சொல்லுங்க. கணக்கு வந்ததும் ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக்கிட்டு உட்காருங்க.

இந்தக் கணக்கு என்னுடையதா? இல்லைன்னா ஒத்த ரூபா கட்டாதீங்க, அன்னிக்கே எழுத்துல மறுங்க.

என்னுடையதுதான்னா, எவ்வளவு தொகை நான் பயன்படுத்தினது, எவ்வளவு அவங்க மேல போட்டது? ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. தகராறு எதைப் பத்தினதுன்னு அப்போதான் தெளிவாகும்.

அடுத்த ஆறு மாசம், ஒரு வருஷத்துல எனக்கோ, என்னோட சேர்ந்து கையெழுத்துப் போடப்போறவங்களுக்கோ ஏதாவது கடன் வேணுமா? வேணும்னா, நேரம் பணத்தைவிட முக்கியம். எதிர்ப்பை எழுதிட்டு முழுசா கட்டுங்க, அப்புறம் கேளுங்க. அவசரம் இல்லைன்னா, முதல்ல கேளுங்க, தீர்ந்த பிறகு கட்டுங்க. ஆனா தேதி போட்டு எழுத்துல கேட்டிருக்கணும்.

என்கிட்ட என்ன காகிதம் இருக்கு? எஸ்எம்எஸ், மெயில், ரசீது. எதுவுமே இல்லைன்னா சண்டை கஷ்டம். அந்த நிலைமையில 590 ரூபாயைக் கட்டிட்டு, மூடினதுக்குக் கடிதம் வாங்கிட்டு, வாழ்க்கையைப் பார்க்கிறதும் கெட்டிக்காரத்தனம்தான். அதுல மானம் போறதுக்கு ஒண்ணும் இல்லை.

இந்தத் தாள்ல எங்கேயுமே 'சும்மா விட்டுடலாம்'ங்கிற வரி இல்லைன்னு கவனிச்சிருப்பீங்க. நான் எட்டு மாசம் தெரியாமலே அதைத்தான் செஞ்சேன். 590 ரூபாய் 6,340 ஆனது அப்படித்தான்.

கேட்டும் பதில் வரலைன்னா ஆம்பட்ஸ்மேன் இருக்கு. தொலைபேசி நிறுவனம் மாதிரி பேங்க் இல்லாத இடமா இருந்தா, அவங்களோட மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல சொல்லலாம். அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கின சேவையோட மதிப்பு 5 லட்சத்துக்குள்ள இருந்தா அங்க கட்டணம் கிடையாது, நீங்களே நேர்ல வாதாடலாம்.

என் மாமனார் இப்பவும், "நான் அன்னிக்கே கட்டச் சொன்னேன்ல?"ம்பார். என் மனைவி, "நான்தான் விடக்கூடாதுன்னேன், பணம் திரும்ப வந்துச்சா இல்லையா?"ம்பா. ரெண்டு பேரும் ஜெயிச்ச மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நான் அதுல தலையிடறதில்லை.

இன்னிக்கு ராத்திரி உங்களுக்கு ஒரு வேலை. நாலுல ஏதாவது ஒரு நிறுவனத்தோட இணையதளத்துல போய் உங்க கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்க. வீட்ல இருக்கிற பெரியவங்களுக்கும் எடுத்துக் கொடுங்க. தெரியாத பேர் ஒண்ணு அதுல இருந்தா, லோன் அதிகாரி போன் பண்றதுக்கு முன்னாடி நீங்களே பார்த்துட்டதா இருக்கட்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.